மூன்று விரல்கடை

வியாழன் காலை பத்தரை மணிக்கு இன்னும் இருபத்தாறு மணித்தியாலம் இருந்தது.

மாக்கஸ், கெனடி றோட்டில் இருந்த கடைத்தொகுதியின் முன்னால் காரை நிறுத்தினான். கிளினிக்கின் கண்ணாடிக் கதவில் உள்பக்கமாகப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு துளைகள். பக்கத்துக் கடையில் ரோல்ஸ் வாங்க வந்தவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் ஒருமுறை கதவைத் தள்ளிப் பார்த்தான். பிறகு காருக்குள் திரும்பி வந்து இருந்தான்.

கடிதம் சட்டைப்பையில் இருந்தது. காப்புறுதிக் கொம்பனி அனுப்பியது. அதன் மூன்றாம் பந்தியை அவன் பல தடவை வாசித்திருந்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவனுடைய மனைவி பெற்ற பதினாறு அக்குபங்சர் சிகிச்சைகள் பற்றிக் கதைக்கவேண்டும். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, தொலைபேசியில். அவனோடு தனியாக, மனைவியோடு தனியாக. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இணைப்பில் இருப்பார். சொல்வது உண்மையில்லை என்று கண்டால் அவனுடைய வேலைத்தலத்துக்கு அறிவிக்கப்படும்.

பதினேழு வருடமாக அவன் ஓர் உணவுக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். போன வருடம் இதே மாதிரிக் கடிதம் வந்த இருவருடைய லொக்கர்களை வெறுமையாக்கச் சொன்னார்கள். வாசல்வரை காவலாளி கூடவே நடந்து போனான். அன்று மதிய இடைவேளையில் எல்லோரும் அவர்களைப் பற்றித்தான் கதைத்தார்கள். "கள்ளவேலை செய்தால் உதுதான் நடக்கும்" என்று சொன்னது மாக்கஸ்.

யூஜினி ஒரு சிகிச்சையும் பெறவில்லை. அப்படிப் பதினாறு தன் பெயரில் இருப்பதும் அவளுக்குத் தெரியாது.

அவன் கௌசிக்கு அழைத்தான். கிளினிக் வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை. நம்பரை அவன் அழிக்காமல் வைத்திருந்தான்.

"மாக்கஸ் அண்ணை, நான் இப்ப அங்கை இல்லை. சம்மர் தொடங்க முதலே விட்டிட்டன்."

"ஓனர்?"

"எல்லாரும் எடுத்துப் பாக்கினம். அவற்ற போன் வேலை செய்யேல்லை."

"ஒண்டு மட்டும் சொல்லும் பிள்ளை. எந்த இடத்திலை குத்தினதெண்டு எழுதியிருக்கு?"

"என்ன அண்ணை?"

"யூஜினிக்கு. ஊசி. ஃபைலிலை எந்த இடமெண்டு எழுதினனீர்?"

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. கௌசி அதைக் குறைத்தாள்.

"எல் ஐ பத்து."

"அது எங்கை?"

"கையிலை. முழங்கைக்குக் கிட்ட எங்கையோ. எனக்கும் வடிவாத் தெரியாது அண்ணை. எல்லாருக்கும் உதைத்தானே எழுதினது."

"எல்லாருக்குமோ?"

"கால் நோவெண்டு வந்த ஆக்களுக்கும் உதுதான். கொப்பி பண்ணிப் போட லேசு." அவள் மெல்லச் சிரித்தாள். "ஆனா அக்காவுக்கு உண்மையாவே கைதானே நோ. அண்டைக்கு சைன் வைக்கேக்கை பாத்தனான், உதறி உதறித்தான் வைச்சவ. உங்களுக்கு லக் அண்ணை."

அவன் நன்றி சொல்லி வைத்தான்.

கிளினிக்கின் பின்னறையில் மெத்தைகள் அடுக்கியிருந்தன. முதுகுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, கிறிஸ்மஸ் கழிந்த கையோடு அவனும் யூஜினியும் பார்க்கப் போனார்கள். விலையைக் கேட்டதும் யூஜினி வெளியே வந்துவிட்டாள். உரிமையாளர் மாக்கஸை மட்டும் ஒருபக்கமாகக் கூப்பிட்டார். வேலையில் பெனிபிட், அதுதான் மருத்துவக் காப்புறுதி, இருக்கோ என்று கேட்டார். மனைவிக்கும் வருமோ என்று கேட்டார். சும்மா கிடக்கிறதுதானே அண்ணை, வருஷம் முடிய அழிஞ்சுபோற சாமான், எடுத்தால் என்ன என்றார். மெத்தை காசில்லாமல் அடுத்த கிழமையே வீட்டுக்கு வந்தது. மலிவு விற்பனை என்று யூஜினிக்குச் சொன்னான்.

அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் வேலை முடிந்து களஞ்சியத்துக் கார் நிறுத்துமிடத்தில் இருந்து, யூஜினியின் பெயரில் கிளினிக் தந்த அந்தக் கிழமைக்கான ரசீதைக் கைத்தொலைபேசியால் படமெடுத்துக் காப்புறுதிக் கொம்பனிக்கு அனுப்பினான். ஐந்து நிமிட வேலை. எட்டாவது ரசீதோடு அதைப் பற்றி நினைப்பதும் நின்றுவிட்டது.

*

மிட்லண்ட், பிஞ்ச் தெருக்கள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீன வைத்தியரை இணையத்தில் கண்டுபிடித்தான். பெயர் லியாங். ஒன்றேகாலுக்கு நேரம் கொடுத்தார்கள்.

அறுபது வயதிருக்கும். வெள்ளை அங்கியின் கைகளை முழங்கைவரை மடித்திருந்தார். அவருக்கும் அவனுக்கும் ஆங்கிலம் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கியது.

படிவத்தில், முன்பு அக்குபங்சர் செய்ததுண்டா என்ற இடத்தில், அவன் ஆம் என்று அடையாளம் இட்டான்.

"எங்கே நோகிறது?" என்று லியாங் கேட்டார்.

அவன் வலது முன்கையைக் காட்டினான்.

"எவ்வளவு காலம்?"

"இரண்டு வருடம்."

"எப்போது கூடுதலாக நோகிறது?"

அவன் சொல்லத் தொடங்கினான். கேத்தலைத் தூக்கும்போது. துணி பிழியும்போது. போத்தல் மூடியைத் திருகும்போது. காலையில் எழும்பினால் விரல்கள் மடங்காது, குழாய்ச் சுடுதண்ணீரில் பிடிக்கவேண்டும். வேலையில் முதல் இரண்டு மணித்தியாலம் தாங்கலாம், நாலாவதில் தாங்க முடியாது. கோயிலில் சிலுவை அடையாளம் போடும்போது கையை நெற்றிவரை கொண்டுபோகாமல் நெஞ்சோடு சின்னதாகப் போட்டு முடிக்கவேண்டும்.

நிறுத்தாமல் சொன்னான். இவ்வளவும் தனக்குத் தெரிந்திருக்கிறது என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"என்ன வேலை?"

"கேக்குக்கு ஐசிங் போடுவது."

லியாங் படிவத்தைப் பார்த்தார். அதில் தொழில் என்ற இடத்தில் அவனே ஃபோர்க்லிஃப்ட் என்று எழுதியிருந்தான். பிறகு அவனுடைய கைகளைப் பார்த்தார். முன்கையைப் பிடித்து, பெருவிரலால் ஓரிடத்தில் அழுத்தினார்.

"இங்கே?"

"நோகிறது."

"இங்கே?"

"நோகிறது."

"இங்கே?"

"ஓம். நோகிறது."

"நீங்கள் நோகிறது என்று சொல்கிறீர்கள்" என்றார் லியாங். "கை சொல்லவில்லை."

அவன் சுவரைப் பார்த்தான். அங்கே நிர்வாணமான ஒரு மனிதனின் படம் இருந்தது. உடம்பு முழுக்கக் கோடுகளும் புள்ளிகளும். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் சின்ன எழுத்து. அவன் இருந்த இடத்திலிருந்து வாசிக்க முடியவில்லை.

"எல் ஐ பத்தில் போடுவீர்களா?" என்று கேட்டான்.

லியாங் அவனுடைய கையை விட்டார்.

"நோ உள்ளவர்கள் இலக்கம் சொல்வதில்லை. இடத்தைத்தான் காட்டுவார்கள்."

அவனுக்குக் காது சுட்டது. எழும்பிப் போகலாம் என்று நினைத்தான். போனால் நாளைக்கு யூஜினியால் இடத்தைச் சொல்ல முடியாது. அவன் கட்டிலில் அப்படியே இருந்தான்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு லியாங் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவனுக்கு முன்னால் இருந்தார்.

"சரி. காட்டுகிறேன். முழங்கையை மடியுங்கள். பெருவிரல் மேலே இருக்கட்டும்."

அவன் மடித்தான். மடிப்பில் ஒரு கோடு விழுந்தது.

"இந்தக் கோடு வெளிப்பக்கம் முடிகிற இடம் பதினொன்று. இங்கிருந்து பெருவிரல் பக்கமாக, மணிக்கட்டை நோக்கி இறங்குங்கள். மூன்று விரல்."

அவன் லியாங்கின் கையைப் பார்த்தான். அவர் தன் விரல்களை வைக்கவில்லை. அவனுடைய இடதுகையை எடுத்து, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, அவனுடைய வலது முன்கையிலேயே குறுக்காக வைத்தார்.

"என்னுடைய விரலால் அளந்தால் பிழை. ஆருடைய கையோ அவருடைய விரல்தான் அளவு. குழந்தைக்குக் குழந்தையின் விரல். பெரிய ஆளுக்குப் பெரிய விரல்."

மூன்றாவது விரல் முடிந்த இடத்தில் அவர் நகத்தால் மெல்லிய பிறை ஒன்று பதித்தார். மதுசாரப் பஞ்சால் துடைத்தார். சின்னப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்து அதன் தலையில் தட்டினார். ஊசி போனது தெரியவில்லை. பிறகு அதை இரண்டு விரலால் திருகினார். உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு கனம் விழுந்தது. நனைந்த சாக்கு ஒன்றைக் கையில் தொங்கவிட்டது போல. அது மெல்ல இறங்கிச் சுட்டுவிரலுக்கு வந்தது.

"வந்ததா?"

"வந்தது."

"என்ன வந்தது?"

அவன் சொற்களைத் தேடினான். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொற்கள் வேண்டும்.

"கனம். இறங்கிப் போகிறது."

"இருபது நிமிடம்" என்று சொல்லி லியாங் ஒரு சிவப்பு விளக்கைக் கைக்கு மேலே திருப்பிவிட்டு வெளியே போனார்.

அவன் அசையாமல் படுத்திருந்தான். கனம், இறங்கிப் போகும், சுட்டுவிரல் வரைக்கும். மனப்பாடம் செய்தான். விளக்குச் சூட்டில் கை சுகமாக இருந்தது. அந்தச் சுகம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று யூஜினி கேட்டாள். பின்னேரம் பூசை முடிந்து வந்து, நெற்றியில் சாம்பலோடு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். இஞ்சாருங்கோ, உங்கடை பெனிபிட்டிலை என்ர கைக்கு ஏதும் செய்யலாமோ, பேக்கரியிலை ஒரு பிள்ளை அக்குபங்சர் செய்து சுகமெண்டு சொல்லுது. அவளுக்கு ஏஜென்சி வேலை. பெனிபிட் கிடையாது. அவன் சோபாவில் இருந்து ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமல் சொன்னான்: "கைக்கெல்லாம் உதிலை வராது."

அன்று வேலை முடிந்ததும்தான் அவன் ஒன்பதாவது ரசீதை அனுப்பியிருந்தான்.

லியாங் வந்து ஊசியை எடுத்தார். இரத்தம் வரவில்லை. வரவேற்பு மேசையில் வங்கி அட்டையை நீட்டினான்.

"ரசீது ஆருடைய பெயரில்?"

"ரசீது வேண்டாம்."

லியாங் அவனை நிமிர்ந்து பார்த்தார். "இந்த மாதத்தில் ரசீது வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்."

அவன் கதவுவரை போய்விட்டான். பின்னாலிருந்து அவர் சொன்னார்:

"அந்தக் கேக் போடுகிறவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

*

டோர்செட் பார்க்கில் அவர்களுடைய வீடு ஒன்பதாம் மாடியில். லிஃப்ட் ஒன்று பழுது. மற்றதற்குக் காத்து நின்றபோது, கீழ்வீட்டு நீக்கிலாப்பிள்ளை அங்கிள் வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன தம்பி, வேலை இல்லையோ?"

"லீவு அங்கிள்."

"புண்ணியவான்" என்றார் அவர்.

யூஜினி மூன்று மணிக்கே வந்துவிட்டாள். குசினி மேசையில் வலதுகையை நீட்டி வைத்து, அதன்மேல் உறைந்த தேங்காய்ப்பூப் பை ஒன்றைப் போட்டிருந்தாள். இடதுகையால் தேத்தண்ணி குடித்தாள். வேலை உடுப்பு மாற்றவில்லை. மணிக்கட்டில் நீல ஐசிங் காய்ந்திருந்தது.

"வேளைக்கு வந்திட்டீங்கள்."

"வேலைக்குப் போகேல்லை."

"ஏன், என்ன வருத்தம்?"

அவன் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தான். அவள் தலையைச் சரித்து ஒரு வரி பார்த்தாள்.

"உதுகளை எனக்கு எங்கை விளங்குது. வாசிச்சுச் சொல்லுங்கோ."

வங்கிக் கடிதம், டொக்டரின் கடிதம், ஏஜென்சிக் கடிதம் எல்லாவற்றையும் அவளுக்குத் தமிழில் சொல்வது அவன்தான். வேண்டியதைச் சொல்வான். மிச்சம் ஒண்டுமில்லை என்று மடித்து வைப்பான். இன்றைக்கு ஒரு வரியையும் விடாமல் சொன்னான். பிறகு மெத்தையைப் பற்றிச் சொன்னான். அதற்கு நாலு வசனம் போதுமாக இருந்தது.

யூஜினி கோப்பையை வைத்தாள்.

"பதினாறு தரம்."

"ஓம்."

"நான் எப்பிடிப் போனனான்?"

"என்ன?"

"உந்தக் கிளினிக்குக்கு. பஸ்சிலையோ, நீங்கள் கொண்டுபோய் விட்டனீங்களோ? கேப்பாங்கள்தானே."

"நான் கொண்டுபோய் விட்டனான் எண்டு சொல்லும்."

"நல்ல மனுசன்." அவள் பையைத் திருப்பிப் போட்டாள். "ஊசிக்குப் பயந்தனானோ?"

"யூஜினி."

"இல்லை, தெரிஞ்சுகொள்ளத்தான். பல்லுப் பிடுங்கேக்கை உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். அங்கை பதினாறு தரம் ஆரின்ர கையைப் பிடிச்சனான்?"

அவன் மேசையைப் பார்த்தான். தேங்காய்ப்பூப் பையைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்திருந்தது.

"நான் அங்கை படுத்தது மெத்தை பாக்கத்தான்" என்றாள். "ஒரு நிமிசம் படுத்தனான். சப்பாத்தோடை படுக்கலாமோ எண்டு கேட்டனான்."

"ஓம்."

"பேந்து மெத்தை எடுக்கப் போகேக்கை அந்தப் பெட்டை பேப்பர் நீட்டினது. ஒரு மெத்தைக்கு ஏன் இத்தினை சைன் எண்டு கேட்டனான். நீங்கள் வொறன்டி எண்டனீங்கள்." கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கு வந்து ரண்டு குளிசை போட்டனான்" என்றாள்.

அதை அவன் மறக்கவில்லை. ஒன்பதாவது கையெழுத்தில் பேனையை வைத்துவிட்டுக் கையை உதறினாள். கெதியா வையும், அவங்கள் பூட்டப்போறாங்கள் என்றான்.

"எந்த நாளிலை போனனான்?"

"புதன்கிழமையிலை. நாலரைக்கு."

"எல்லாப் புதனுமோ?"

"ஜனவரி எட்டிலையிருந்து."

அவள் எழும்பினாள். குளிர்பெட்டிக் கதவில் கோயில் கலண்டர் தொங்கியது. இடதுகையால் தாள்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் புரட்டினாள். நாட்களை விரலால் தொட்டு வாய்க்குள் எண்ணினாள். மார்ச் மாதத்தில் நிறுத்தினாள்.

"விபூதிப் புதனும் போனனான்."

அவன் கடிதத்தை ஓரமாகத் தள்ளினான்.

"அண்டைக்கு நாலரைக்குப் பூசை. முதல் வாசகம் வாசிச்சது நான். கோயில் முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தது." கலண்டரை விட்டாள். தாள்கள் தாங்களாகவே விழுந்து மூடின. "அதையும் மாத்திச் சொல்லோணுமோ?"

"கேட்டால் மட்டும்."

"சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சுவாமியிட்டை என்னெண்டு சொல்லுறது? உது உங்கடை பாவமோ, என்ரையோ?"

"என்ரை."

"அப்ப நாளைக்கு வாயைத் திறக்கப் போறது ஆர்?"

கீழே மருத்துவ வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனது. அது கடந்து போகும்வரை இருவரும் யன்னலைப் பார்த்தார்கள். அவள் திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். மகள் மெலனி ஒட்டாவாவில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவனுடைய வேலை போனால் என்ன என்ன போகும் என்பதை யூஜினி கணக்குப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் இருத்தியது தான்தான் என்பதும் தெரிந்தது. வேண்டாம், நாளைக்கு உண்மையைச் சொல்லுவம் என்று சொல்ல வாய் எடுத்தான். சொல்லவில்லை.

"சரி" என்றாள். "காட்டுங்கோ. எங்கை குத்தினவை?"

அவன் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தான். லியாங் இருந்தது போல.

"முழங்கையை மடியும். பெருவிரல் மேலை இருக்கட்டும்."

"உது எங்கை படிச்சனீங்கள்?"

"இண்டைக்கு ஒரு சீன வைத்தியரிட்டைப் போனனான்."

"போய்?"

"எனக்குக் கை நோவெண்டு சொன்னனான்."

யூஜினி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். "எப்பிடி நோகுதெண்டு சொன்னனீங்கள்?"

அவன் அவளுடைய கையைப் பிடித்தான். தேங்காய்ப்பூப் பை இருந்த இடம் குளிர்ந்து சிவந்திருந்தது. மடிப்புக் கோடு முடிகிற இடத்தைத் தேடினான்.

"இதுக்குப் பேர் எல் ஐ பத்து."

"எல்லைப் பத்தோ?"

"எல். ஐ. பத்து."

"பாடமாக்கோணுமோ?"

"வேண்டாம். நோ உள்ள ஆக்கள் இலக்கம் சொல்லமாட்டினம். இடத்தைத்தான் காட்டுவினம்."

சொன்ன பிறகு அந்த வசனம் அவனுக்கே கேட்டது.

அவன் தன்னுடைய மூன்று விரல்களைச் சேர்த்து அவளுடைய முன்கையில் குறுக்காக வைத்தான். அவை கையை முழுக்க மூடிக்கொண்டு மணிக்கட்டுப் பக்கமாக இறங்கின. மூன்றாவது விரல் முடிந்த இடத்தில் பெருவிரலால் அழுத்தினான்.

"இதுதான். கனமா இருக்கும். மெல்ல இறங்கிச் சுட்டுவிரல் வரைக்கும் போகும். அப்பிடித்தான் சொல்லோணும்."

"ஒண்டும் இல்லை."

"வடிவாப் பாரும்."

"பாத்தனான். நீங்கள் அமத்துறது தெரியுது. வேறை ஒண்டும் இல்லை."

இன்னும் அழுத்தினான். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தன் விரல்களைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. பதினேழு வருடம் லீவர் பிடித்த விரல்கள். அவற்றில் இரண்டே அவளுடைய மூன்றுக்குச் சமம்.

"பிழை" என்றான். "என்ர விரலாலை அளக்கக்கூடாது. உம்மடை விரல் வேணும். மற்றக் கையைத் தாரும்."

அவள் இடதுகையைக் கொடுத்தாள். நகக் கண்களில் நீலமும் சிவப்பும். சுட்டுவிரல் நுனி வெடித்திருந்தது. மூன்று விரல்களையும் அவனே சேர்த்து எடுத்து, அவளுடைய வலது முன்கையில் மடிப்புக் கோட்டுக்குக் கீழே வைத்தான். அந்த மூன்றும் இவ்வளவு ஒடுக்கமாக இருக்கும் என்று அவன் எண்ணியிருக்கவில்லை. முடிந்த இடம் முன்பு அழுத்தியதிலிருந்து ஓர் அங்குலம் மேலே இருந்தது. அங்கே பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினான்.

யூஜினியின் தோள் உயர்ந்தது. மூச்சை உள்ளே இழுத்தாள். அவன் கையை எடுக்கப் போனான்.

"எடுக்காதேங்கோ."

அவன் எடுக்கவில்லை. விரலுக்கு அடியில் கயிறு போல ஒன்று உருண்டது. அவனுடைய கையில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

"அதிலைதான்" என்றாள். "ரண்டு வருசமா அதிலைதான் இருக்குது. நான் கீழை கீழை எண்ணெய் பூசினனான்."

"நோகுதோ?"

"நோகுது. ஆனா இது வேறை மாதிரி." அவள் கண்ணை மூடினாள். "இழுக்குது. ஈரச்சீலை மாதிரிக் கனக்குது. இப்ப இறங்குது. இஞ்சை வந்திட்டுது, சுட்டுவிரலுக்கு."

அவன் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த சொற்கள் அவனுக்குத் தேவைப்படவில்லை.

மேசை விளிம்பால் தண்ணீர் சொட்டியது. ஒருவரும் துடைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. எப்போதும் உள்ளே வளைந்தே இருக்கும் அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாக இளகி மேசையில் விரிந்தன. அவள் அதைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். விரல்களை மடித்தாள். திரும்ப விரித்தாள். இன்னொருவருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இது உண்மையான இடம்" என்றாள்.

"ஓம்."

"உண்மையாவே குத்துற இடம்."

"ஓம்."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் பெருவிரலை எடுக்கவுமில்லை. அவளுடைய குரலில் கோபம் இருக்கவில்லை. அவன் அதற்காகக் காத்திருந்தான். வரவில்லை.

"விபூதிப் புதனண்டு பின்னேரம்" என்றாள், "நான் வந்து கேக்கேக்கை, பதினாறிலை எத்தினை மிச்சம் இருந்தது?"